டீகோடிங்: குறிநீக்கமா, பொருள்கோளா?

> கணினித் துறைல டீகோடிங்க்கு குறிநீக்கம்னு ஏற்கெனவே இருக்கு. டிவி ஆய்வுக்கும் அதையே வச்சுக்கலாமே, புதுசா எதுக்கு?

வணக்கம் அய்யா. டிவி பாக்கறவங்க அர்த்தம் எடுத்துக்கறதச் சொல்ற டீகோடிங்க்கு நம்ம கலைச்சொல் பட்டியல்ல எந்தத் தமிழ்ச் சொல் வைக்கறதுங்கறதுதானே பேச்சு. கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல என்கோட் பண்ணி அனுப்பினா அந்தப் பக்கம் டீகோட் பண்றப்ப அதே ஃபைல் வரணும், ஒரு பிட் மாறினாலும் பிழை. டிவில அப்படி கிடையாதே. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973ல பர்மிங்காம்ல டிவியோட என்கோடிங், டீகோடிங் பத்தி கட்டுரை எழுதினதே இதச் சொல்லத்தான், நிகழ்ச்சி எடுக்கறவங்க வைக்கற அர்த்தமும் பாக்கறவங்க எடுத்துக்கற அர்த்தமும் ஒண்ணா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, வேற மாதிரி எடுத்துக்கிட்டா அவங்களுக்குப் புரியலன்னும் ஆகாது. நீக்கம்னு சொல்லிட்டா மூடியக் கழட்டினா உள்ள இருக்கறது அப்படியே கைக்கு வந்துடும்ங்கற மாதிரி ஆயிடுது. ஹால் எத மறுத்தாரோ அதையே நம்ம சொல் சொல்லும்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. தூர்தர்ஷன்ல 1984 ஜூலைல ஆரம்பிச்ச ஹம் லோக்ங்கற இந்தி சீரியல், மெக்சிகோல மிகுவெல் சபிடோ எடுத்த தொடர்களோட வழியில, குடும்பக் கட்டுப்பாடு, பெண்கள் நிலைமைன்னு விஷயத்த கதைக்குள்ள வச்சு எடுத்தது. ஒவ்வொரு பகுதி முடிவுலயும் நடிகர் அசோக் குமார் நேரா வந்து இதுலேர்ந்து என்ன எடுத்துக்கணும்னு பேசிட்டுப் போவார். அவ்வளவு தெளிவா சொல்லியும் எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு அடங்கிப் போற அம்மா பாகவந்திய, இப்படி இருக்கக் கூடாதுன்னு காட்ட வச்ச பாத்திரத்த, நிறைய பேர் நல்ல முன்மாதிரியாவே எடுத்துக்கிட்டாங்கன்னு பின்னாடி நடந்த ஆய்வுல தெரிஞ்சுது. இத டீகோடிங்ல வந்த கோளாறுன்னு எழுதுவீங்களா?

போன வாரம் தாராவில எங்க சித்தி வீட்ல சீரியல் ஓடிட்டு இருந்துச்சு. மாமியார் எல்லார் முன்னாடியும் மருமகள ஒரு வார்த்த சொல்றா, உடனே மருமக மூஞ்சி, மாமியார் மூஞ்சி, புருஷன் மூஞ்சின்னு ஒவ்வொண்ணா ஜூம், பின்னாடி இடி மாதிரி ஒரு சத்தம், அப்புறம் புல்லாங்குழல், கேமரா கண்ணீர்லேர்ந்து இறங்கி தாலில வந்து நிக்குது. ஷாட், சத்தம், எடிட்டிங் எல்லாம் சேந்து "பாவம், பொறுமைசாலி, நல்லவ"ன்னு சொல்லுது. சித்தி கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா, லெதர் பை தைக்கறவங்க, கைல ஊசிய நிறுத்தாமலே "இவ ஏன்டி அங்கயே நிக்கறா, ஒரு வேலைக்குப் போனா ரூம் வாடகையாவது வருமே, அந்தப் பையன் சம்பளம் எவ்ளோ"ன்னு கேட்டாங்க. அந்தக் காட்சில சம்பளமே கிடையாது, வாடகையும் கிடையாது. அக்கா தன் வாழ்க்கையக் கொண்டுவந்து அதுல சேத்து ஒரு அர்த்தம் பண்றாங்க. இதுக்குத்தான் நமக்குச் சொல் வேணும்.

என் பரிந்துரை: பொருள்கோள். செய்யுள்ல இருக்கற சொற்கள எந்த வரிசைல எதோட எத சேத்துப் பொருள் எடுக்கணும்ங்கறதுக்கு நம்ம இலக்கணத்துல இருக்கற பேர் இது, நன்னூல் எட்டு வகை சொல்லுது. அதுல கொண்டுகூட்டுன்னு ஒண்ணு, பல அடில சிதறிக் கிடக்கற சொல்ல எடுத்து வந்து பொருந்தற இடத்துல கூட்டிக்கறது. டிவி பாக்கறவங்க தினமும் பண்றது இதுதான், நேத்து எபிசோட், நடுவுல வந்த நகைக்கடை விளம்பரம், அதே நடிகை போன சீரியல்ல பண்ண வில்லி ரோல், எல்லாத்தையும் கூட்டித்தான் இன்னிக்குக் காட்சிக்கு அர்த்தம். இலக்கணத்துல அது செய்யுளுக்குள்ளயே நிக்கும், இங்க வெளிலேர்ந்தும் வரும், அந்த அளவுக்கு விரிச்சுக்கறோம், அது தெரிஞ்சேதான் சொல்றேன். என்கோடிங்குக்கு பொருளேற்றம். ஜோடியாவும் நிக்குது.

> 'கோள்'னா கோள் மூட்டறது, இல்லன்னா செவ்வாய் வியாழன். மாணவர்கள் குழம்புவாங்க தம்பி.

குழம்ப மாட்டாங்கய்யா. மேற்கோள், குறிக்கோள் இதெல்லாம் படிச்சுத்தானே வர்றாங்க, கொள்ளுதல்லேர்ந்து வந்த கோள்னு ஒரு வரி போட்டா போதும். இன்னொன்னு, கொள்றதுன்னா கொள்ற ஆள் ஒருத்தர் இருக்கணும். குறிநீக்கத்துல அந்த ஆளே இல்ல, மிஷின் பண்ணாலும் அதே சொல்தான்.

டெல்லிலேர்ந்து அக்கா கேட்டிருந்தாங்க, பாக்கறவங்க அர்த்தம் எடுத்துக்கறதுல ஹால் சொன்ன மூணு நிலைக்கும் இதுலயே சொல் வருமான்னு. வரும். சித்தி மாதிரி வச்சத அப்படியே எடுத்துக்கறது உடன்கோள். முழுசா எதிர்த்து எடுத்துக்கறது எதிர்கோள், ஆனா "எதிர்கொள்"ளோட ஒட்டுதுன்னு தோணினா மறுகோள் வச்சுக்கலாம், எனக்கு மறுகோள்தான் பிடிக்குது. நடுவுல இருக்கறதுதான் இழுக்குது, பொதுவா சரின்னு ஒத்துக்கிட்டு தன் விஷயம்னு வர்றப்ப வேற கணக்கு போடறது. பேரக்கோள்னு ஒரு சொல் வந்துச்சு, சந்தை வாசனை அடிக்குதுன்னு ரெண்டு பேர் வேணாம்னாங்க. எனக்கு அந்த வாசனை வேணும்ங்க. பை தைக்கற அக்கா மருமக நல்லவன்னு ஒத்துக்கிட்டுத்தான் வாடகை கேட்டாங்க, அது பேரம்தான். 1980ல வெளிவந்த ஆய்வுக்காக டேவிட் மார்லி பிபிசியோட நேஷன்வைட் நிகழ்ச்சிய வேற வேற குழுக்களுக்குப் போட்டுக் காட்டினப்பயும் தொழிற்சங்க ஆளுங்க ஒரு மாதிரி, தொழில் பழகற பசங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க, வர்க்கத்த மட்டும் வச்சு யார் எப்படி எடுத்துப்பாங்கன்னு சொல்ல முடியல. அதனால இந்த மூணும் ஆளுங்களோட வகை இல்ல, எடுத்துக்கற விதம்னு விளக்கத்துல கட்டாயம் போடணும்.

பொருளேற்றம், பொருள்கோள், உடன்கோள், மறுகோள் நாலையும் பட்டியல்ல ஏத்திடறேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள யாராவது மறுத்தா நிறுத்தி வைக்கறேன். பேரக்கோளுக்குப் பதிலா வேற யோசனை இருந்தா வாக்கியத்துல வச்சு எழுதி அனுப்புங்க, சொல் மட்டும் தனியா வந்தா எடை போட முடியல.