கற்குவியல் கல்லறையைக் காக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில், லேடிஸ்மித் பக்கம் மேய்ச்சல் நிலத்தில் பழங்காலக் கற்குவியல் ஒன்று இருக்கிறது. இடுப்பளவு உயரம், சுமார் நான்கு மீட்டர் அகலம். அதன் குறுக்கே நிலத்துக்காரர் மண்பாதை போடுகிறார். சென்ற மாதம் இயந்திரம் ஒரு பக்கத்துக் கற்களைத் தள்ளிவிட்டது. அடியில் எலும்புத் துண்டுகளும் தீக்கோழி முட்டையோட்டு மணிகளும் தெரிகின்றன. நான் எதையும் தொடவில்லை.

வழிப்போக்கர்கள் கல் போட்டுச் சேர்ந்த இசிவிவானே என்ற குவியல்தான் இது, கல்லறை அல்ல என்கிறார் நிலத்துக்காரர். எலும்பு வெளியே தெரிந்த பிறகும் இப்படிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1999ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமை வளச் சட்டத்தைப் படித்தேன். 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்லியல் இடங்களை 35ஆம் பிரிவும், பொது இடுகாட்டுக்கு வெளியே உள்ள 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளை 36ஆம் பிரிவும் காக்கின்றன. 300 மீட்டரைத் தாண்டும் பாதைக்கு 38ஆம் பிரிவின்படி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இந்தப் பாதை அதைவிட நீளம்.

நிலத்துக்காரரிடம் நேரில் பேசிப் பார்த்தேன், பயனில்லை. காவல் நிலையத்தில் தெரிவித்தேன். மரபுரிமை அலுவலகத்தை அணுகச் சொன்னார்கள். படங்களும் ஜிபிஎஸ் குறியீடும் மின்னஞ்சலில் அனுப்பினேன், தானியங்கிப் பதில்தான் வந்தது. இயந்திரம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

1860 முதல் இந்தியாவிலிருந்து இங்கே வந்த நம் முன்னோரின் புதைகுழிகளைப் போற்றும் நாம், இந்த மண்ணின் ஆதி மக்களுடையதைக் கைவிடலாகாது.

க்வாசூலு-நட்டாலில் இத்தகைய வேலையை உடனே நிறுத்தும் உத்தரவை யாரிடம், என்னென்ன ஆவணங்களோடு கேட்க வேண்டும்?