போர் தண்ணீரில் பாலிஅக்ரிலேட் ஜெல் உப்பிவிட்டுச் சுருங்குகிறது, ஏன்?

ஈரமண்:
தண்ணீரை உறிஞ்சி ஜெல்லாகும் சோடியம் பாலிஅக்ரிலேட் பொடியை டீ பேக் முறையில் சோதிக்கிறேன். 0.2 கிராம் பொடி, நைலான் பை, 200 மி.லி. தண்ணீர். வெளியே எடுத்து 10 நிமிடம் வடியவிட்டு எடை, அதில் ஈரமான வெறும் பையின் எடையைக் கழிக்கிறேன். காய்ச்சி வடித்த நீரில் கிராமுக்கு 310 கிராம் பிடிக்கிறது, 0.9% உப்புக் கரைசலில் 42. இது வரைக்கும் சரி. போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு, மி.கி./லிட்டர்) 900தான், உப்புக் கரைசலில் பத்தில் ஒரு பங்கு. கடினத்தன்மை 400 (கால்சியம் கார்பனேட் கணக்கில், மி.கி./லிட்டர்). அதில் அரை மணி நேரத்தில் 110 வரை ஏறுகிறது, மறுநாள் பார்த்தால் 35. ஜெல் வெள்ளையாகி ரப்பர் போல இருக்கிறது. பொடி கெட்டுப்போனதா?

அயனிக்கணக்கு:
பொடியில் கோளாறு இல்லை. டிடிஎஸ்ஸை வைத்து இதைக் கணிக்க முடியாது, ஏனென்றால் இங்கே நடப்பது இரண்டு வேறு வேலைகள்.

சாதா உப்பில் நடப்பது சவ்வூடு அழுத்தம் சம்பந்தப்பட்டது. ஜெல்லுக்குள் எதிர்மின்னூட்டம் கொண்ட கார்பாக்சிலேட் தொகுதிகள் பாலிமர் சங்கிலியோடு கட்டுண்டவை. அவற்றுக்கு ஈடான சோடியம் அயனிகளும் அதனால் வெளியேற முடியாது. உள்ளே அயனி அதிகம், வெளியே குறைவு, எனவே தண்ணீர் உள்ளே இழுபடுகிறது. வெளியே உப்பைக் கூட்டினால் அந்த வித்தியாசம் குறைகிறது, அவ்வளவுதான். திரும்ப நல்ல நீரில் போட்டால் பழையபடி உப்பும்.

கால்சியம் அப்படியல்ல. ஒரே அயனி இரண்டு கார்பாக்சிலேட்டைப் பிடித்துப் புதுக் குறுக்குப் பிணைப்பு போடுகிறது. உங்கள் கணக்கையே எடுங்கள்: முக்கால் பங்கு நடுநிலையாக்கிய பொடி என்றால் கிராமுக்குச் சுமார் 8.5 மில்லி ஈக்விவேலன்ட் (மின்னூட்டத்தை வைத்து எண்ணும் அளவு) கார்பாக்சிலேட், 0.2 கிராமில் 1.7. கடினத்தன்மை 400 என்றால் லிட்டருக்கு 8, உங்கள் 200 மி.லி.யில் 1.6. ஏறக்குறைய எல்லாத் தொகுதிக்கும் ஆள் இருக்கிறது! 400இல் மெக்னீசியமும் அடக்கம், அதன் பிடி தளர்வானது. ஆனாலும் கால்சியமே போதும். போதாக்குறைக்கு, தண்ணீர் எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஜெல் சோடியத்தை விட்டுவிட்டு இரட்டை மின்னூட்ட அயனியையே விரும்பும்.

முதலில் 110 ஏறியது சோடியம் வடிவத்தில். பிறகு அயனி மாற்றம் நடந்து சுருங்கியிருக்கிறது. வெளிப்புறம் முதலில் இறுகுவதால்தான் தோல் போல ஆகிறது.

பை_அளவு:
இதனால்தான் ‘கடின நீரில் இத்தனை மடங்கு’ என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அதே தண்ணீர் 50 மி.லி. எடுத்தால் மொத்தமே 0.4 மில்லி ஈக்விவேலன்ட்தான், சுருக்கம் குறைவாகத் தெரியும். 2 லிட்டரில் போட்டால் இன்னும் மோசம். பொடிக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதி வையுங்கள்.

ஈரமண்:
நன்றி சார். சுருங்கியதை மீட்க முடியுமா? கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் போல 10% உப்பு நீர் விட்டால்?

அயனிக்கணக்கு:
அது சாஃப்ட்னரில் இருக்கும் சல்ஃபோனேட் ரெசினுக்குச் சரி. கார்பாக்சிலேட் கால்சியத்தை இறுக்கிப் பிடிப்பதால் உப்பு நீரில் பாதிக் கிணறுதான் தாண்டும். கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கும் ஈடிடிஏ டைசோடியம் உப்பு விடுங்கள்: 0.8 மில்லிமோல் (அதே 1.6 மில்லி ஈக்விவேலன்ட்) கால்சியத்துக்கு 0.3 கிராம். கரைசலை முதலில் காஸ்டிக் சோடாவால் பிஎச் 8க்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வெளியாகும் ஹைட்ரஜன் அயனி கார்பாக்சிலேட்டை அமிலமாக்கி, ஜெல் சுருங்கியே கிடக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீரை நாலைந்து முறை மாற்றிக் கழுவுங்கள். ஈடிடிஏவும் உப்புதான், மிச்சம் இருந்தால் உப்பாது.

பை_அளவு:
நிலத்துக்கு என்றால் இந்த வேலை ஆகாது. மழை நீரில் ஊறவைத்துப் போட்டாலும் அடுத்த பாசனத்தில் கால்சியம் வந்து சேரும், ஒவ்வொரு முறையும் கூடும். மின்னூட்டமில்லாத அக்ரிலமைடு பங்கு அதிகமுள்ள கோபாலிமர் (கலப்புப் பாலிமர்) வாங்குங்கள். நல்ல நீரில் எண் சிறிதாக இருக்கும், கடின நீரில் அவ்வளவு விழாது. யூரியா அயனி அல்ல, பயமில்லை. கால்சியம் நைட்ரேட், துத்தநாக சல்ஃபேட், இரும்பு சல்ஃபேட் ஆகியவற்றை ஜெல் இருக்கும் குழியில் நேரே ஊற்றாதீர்கள். இலைவழித் தெளிப்பாகக் கொடுக்க முடிந்தால் நல்லது.