பார்சலில் வந்த முட்டை: டார்ச் அடித்தால் தெரியும் சங்கதி

பார்சலில் முட்டை வரவழைத்துப் பொரிக்க வைத்தேன் என்று சொன்னால் போதும், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை வெச்சீங்க, எத்தனை பொரிஞ்சுது?" முட்டை கைக்கு வந்த அன்றே டார்ச் அடித்துப் பார்த்தீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. பொரியாமல் போனால் விற்றவரைத் திட்டுகிறோம், இல்லையென்றால் பொரிக்கும் மெஷினான இன்குபேட்டரைத் திட்டுகிறோம். நடுவில் கூரியர் வண்டியில் முட்டை பட்ட பாடு நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

எனக்குக் கடைசியாக வந்த பெட்டியில் ஒன்றுகூட உடையவில்லை. ஒவ்வொரு முட்டையையும் குமிழித் தாளில் சுற்றி, மரத்தூளுக்கு நடுவே செருகி அனுப்பியிருந்தார் அந்த மனிதர். வெளியே ஒரு குறையும் சொல்ல முடியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை அகன்ற முனையில் ஒட்டிப் பிடித்தேன். நல்ல முட்டை என்றால் அந்த முனையில் காற்றறை அசையாமல், விளிம்பு சுத்தமாகத் தெரிய வேண்டும். இதில் சிலவற்றை மெல்லச் சாய்த்ததும் விளிம்பும் கூடவே சாய்ந்தது. ஒன்றிரண்டில், கொத்தனார் ரசமட்டத்தில் குமிழி ஓடுகிற மாதிரி காற்று பக்கவாட்டில் இறங்கி, நிமிர்த்தினால் திரும்பி வந்தது.

ஓட்டுக்குள் இரண்டு சவ்வுகள் ஒட்டி இருக்கின்றன. இட்ட முட்டை சூடு ஆறும்போது உள்ளிருப்பது சுருங்க, அகன்ற முனையில் சவ்வுகள் பிரிந்து நடுவே காற்று தங்கும். வழியில் குலுங்கினால் பிரிவு இன்னும் நீளும், சில சமயம் உள்சவ்வு கிழிந்தும் விடும். கோழிக்குஞ்சு 20-ஆம் நாள் வாக்கில் அலகை நுழைத்து முதல் மூச்சு விடுவது இந்தக் காற்றறைக்குள்தான். அது இடம் மாறினால் முழுசாக வளர்ந்த குஞ்சும் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகலாம்.

அதனால் பெட்டியைப் பிரித்ததும் முட்டையை மெஷினில் போடுவதில்லை. கூர்முனை கீழே இருக்கும்படி அட்டையில் நிறுத்தி, அறை வெப்பத்தில் 12 முதல் 24 மணி நேரம் விட்டுவிடுகிறேன். குளிர்ந்த முட்டை நேரே சூட்டுக்குப் போனால் ஓடு வியர்க்கும், ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகும். கழுவவும் மாட்டேன். ஒட்டியிருக்கும் அழுக்கை உலர்ந்த துணியால் தட்டிவிடுவதோடு சரி. மெஷினுக்குள்ளும் முதல் சில நாள் நிமிர்ந்த நிலைதான். தானாக உருட்டும் மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு, காற்றறை ஓரளவு நிலைத்த பிறகு அட்டையோடு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து வைக்கிறேன். வெப்பம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஃபேன் உள்ள மெஷினில் 37.5 டிகிரி செல்சியஸ், ஃபேன் இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் ஒரு டிகிரி கூடுதல். 18-ஆம் நாளோடு சாய்ப்பதும் நின்றுவிடும்.

* * *

அண்ணா, நீங்கள் சொன்ன காற்றறையோடு ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் மெஷினோடு வந்த ஈரப்பத மீட்டரை நம்பியே ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசி நாட்களில் குஞ்சுகள் நீர் கோத்த மாதிரி வீங்கிச் சாகவே சந்தேகம் வந்தது. ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைச் சேறு மாதிரி குழைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, ஒரு ராத்திரி வைத்தேன். உள்ளே 75 சதவீதம் காட்ட வேண்டும். இது காட்டியது 63! மெஷினுக்குள் இருந்த ஈரம் நான் படித்ததைவிட எப்போதுமே கூடுதல். புது மெஷின் வாங்கினால் முதல் வேலை இந்த உப்புச் சோதனைதான், முட்டை அப்புறம்.

இன்னொன்று. பென்சிலால் காற்றறை விளிம்பை வரைந்து, வளர்கிறதா என்று பார்க்கும் வழக்கம் ஆடுகிற காற்றறைக்குச் சரிப்படாது. தராசு வையுங்கள். 18 நாளில் ஈரம் வெளியேறி முட்டை எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். 50 கிராம் முட்டை என்றால் ஏறக்குறைய 6 கிராம்.

* * *

இவ்வளவு பாடு எதற்குத் தம்பி? அடைக்கோழி ஒன்று கிடைத்தால் அதன் வயிற்றுக்கடியில் வைத்துவிட்டுப் போங்கள். உப்பும் வேண்டாம், தராசும் வேண்டாம். என் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. ஓடு கொத்திய பிறகு ஒரு நாள்கூடப் பொறுக்காமல் நகத்தால் பிய்க்கிறவர்களுக்கு அடைக்கோழிதான் நல்லது, அது கிட்டவே விடாது. கொத்திய குஞ்சு வெளியே வர 24 மணி நேரமும் ஆகலாம். அவசரப்பட்டுச் சவ்வைக் கிழித்தால் ரத்தக்குழாய் அறுந்துவிடும்.

* * *

பார்சல் வரவழைத்தவன் மறுபடி சொல்கிறேன்: அக்கா சொல்வது உள்ளூர் முட்டைக்குச் சரி. பயணம் வந்த முட்டைக்கு அடைக்கோழி முதல் நாளே உருட்டல் வைத்தியம் ஆரம்பித்துவிடும், நிமிர்த்தி வை என்று அதனிடம் சொல்ல முடியுமா? முதல் வாரம் மெஷினில் நிறுத்தி வைத்து, கரு பிடித்தது தெரிந்ததும் இரவில் கோழிக்கடியில் மாற்றுவேன். பிய்க்கும் விஷயத்தில் அக்கா பக்கம்தான் நான்.

பொரியாததை அப்படியே குப்பையில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்றத்துக்குப் பயந்தால் வெளியே போய், ஒரு பையை விரித்து உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் சின்னதாக, கெட்டியாக ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் அது கருவே கூடாத முட்டை. விற்றவரிடம் சேவல் எத்தனை, கோழி எத்தனை என்று கேட்கலாம். புள்ளி விரிந்து பாலாடை நிறத்தில் படர்ந்திருந்தாலோ ரத்த வளையம் இருந்தாலோ கரு கூடி முதல் நாட்களிலேயே செத்திருக்கிறது. பழைய முட்டை, வழியில் வெயில், குலுக்கல் என்று காரணம் தேடலாம், நம் மெஷினில் சூடு எகிறியதா என்றும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். முழுக்குஞ்சாக இருந்து அலகு காற்றறைப் பக்கம் திரும்பாமல் கிடந்தால், முதல் நாள் ஆடிய முட்டைகளில் அதுவும் ஒன்றா என்று பார்ப்பேன். அதற்காகவே ஆடுகிறவற்றின் ஓட்டில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைக்கிறேன்.

உடைத்துப் பார்த்தபோது எடுத்த படங்களை விற்றவருக்கும் அனுப்பினேன், சண்டைக்கு இல்லை. அடுத்த பெட்டியில் எல்லா முட்டையும் கூர்முனை கீழே நின்றது, மேல்பக்கம் எது என்று நான்கு பக்கமும் அம்புக்குறி போட்டிருந்தார். டார்ச் அடித்தபோது ஆடியவை முன்னைவிடக் குறைவு.