ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடிய மின்வண்டிக்குக் கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

போக்குவரத்து வரலாற்றுப் பாடநூல் ஒன்றின் வட அமெரிக்க இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஆரெகன் மாநிலத்தில் போர்ட்லாந்துக்கும் ஆரெகன் சிட்டிக்கும் இடையே 1893 இல் ஓடத் தொடங்கிய மின்தடத்தைப் பற்றிய பகுதியில் நின்றுவிட்டேன். ஆரெகன் சிட்டியின் வில்லமெட் அருவியில் எடுத்த மின்சாரத்தை 1889 இலேயே 14 மைல் கம்பி வழியாகப் போர்ட்லாந்துக்குக் கொண்டுசென்ற வட்டாரம் அது. இவ்வகை வண்டிகள் ஊருக்குள் டிராம் போலத் தெருவில் ஓடும். ஊரைத் தாண்டியதும் வயல்களுக்கு நடுவே தமக்கென அமைந்த பாதையில் ரயில் போல விரையும். அடுத்த ஊர் வந்ததும் மறுபடி தெருவில் இறங்கும். இவற்றை அமெரிக்கர் ‘டிராலி’ என்றும், ‘இன்டர்அர்பன்’ (நகரங்களுக்கு இடையிலானது) என்றும் வழங்கினர். பின்னதை இலத்தீன் வேர்களிலிருந்து அமைத்தவர் இந்தியானாவின் சார்லஸ் ஹென்றி என்பர். அவருடைய ஆண்டர்சன் – அலெக்சாண்டிரியா தடம் 1898 புத்தாண்டில் ஓடத் தொடங்கியது.

‘ஊரிடை மின்னூர்தி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

– இயலின் மொழிபெயர்ப்பாளர்

*

வணக்கம் அம்மா.

முதலில் ‘டிராலி’யை அப்படியே விட்டுவிடாதீர்கள். நான் தண்டவாளப் பராமரிப்பில் முப்பது ஆண்டு வேலை செய்தவன். எங்களுக்கு டிராலி என்றால், ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓட, பொறியாளர் அமர்ந்து பாதையைப் பார்வையிடும் நாற்சக்கரப் பலகை. மாணவருக்கோ அது கடையில் சாமான் தள்ளும் வண்டி. அமெரிக்கச் சொல் பிறந்த இடம் வண்டியே அன்று, மேலே உள்ள கம்பி. தொடக்கத்தில் கம்பிகளின்மேல் ஒரு சிறு உருளைவண்டி ஓட, அதை வடத்தால் இழுத்துக்கொண்டே கீழே வண்டி சென்றது. அது அடிக்கடி கம்பியை விட்டு விழும். பின்னர், சுருள்வில்லால் மேல்நோக்கி அழுத்தப்படும் கழியின் நுனியில் ஒரு சக்கரம் பொருத்தி, அதைக் கம்பியின் அடிப்புறத்தில் ஓடவிட்டார்கள். 1888 இல் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் அமைத்த தடம் அந்த முறையை நிலைநாட்டியது. ஆகவே கழிக்கு ‘உருளித்தண்டு’ என்று தனிச்சொல் தாருங்கள். வண்டிக்கு அதைச் சுமத்த வேண்டாம். 1895 இல் ஓடத் தொடங்கிய சென்னை மின் டிராம் முதலில் தலைக்குமேல் கம்பியே இல்லாமல், தெருவுக்கு அடியில் புதைத்த குழாய்வழியாக மின்சாரம் பெற்றது என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘நகரிடை’ என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அது இன்டர்சிட்டி விரைவு வண்டியை நினைவூட்டும்.

– திருச்சி, ஓய்வுபெற்ற ரயில்வே பணியாளர்

*

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

‘ஊரிடை’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏழாம் வேற்றுமை உருபுகளுள் ‘இடை’யும் ஒன்று, ‘கண்கால் கடையிடை தலைவாய்’ என்று நன்னூல் அதை எண்ணுகிறது. அவ்வழி நோக்கினால் ஊரிடை என்பது ‘ஊரின்கண்’, அதாவது ஊருக்குள் என்றே பொருள்படும். ஊரைவிட்டு வெளியேறுவதையே சிறப்பாகக் கொண்ட ஒரு தடத்துக்கு நேர் எதிரான பொருளைத் தரும் பெயரைச் சூட்டுகிறீர்கள். மேலும் ‘ஊர்’ என்பது பெயராகவும் ‘ஊர்ந்து செல்’ என்னும் வினையாகவும் நிற்பதால், ‘ஊர்தி’க்குப் பக்கத்தில் அச்சொல்லை வைத்தால் காது தடுமாறும். பதி என்றால் ஊர் ஆதலால் ‘பதியிணை மின்தடம்’ என்று ஆளலாம். டிராம் என்ற சொல்லையும் நான் ஏற்பதற்கில்லை, டகரம் மொழிமுதலாகாது.

– கோவை, தமிழாசிரியர்

*

ஐயா, வணக்கம்.

தங்கள் இலக்கணத்தை மறுக்கவில்லை. ஆனால் இரண்டின் நடுவே என்ற பொருளிலும் ‘இடை’ தொன்றுதொட்டு வழங்குகிறது. ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை’ என்ற குறளடியில் சுமப்பவன், செல்பவன் ஆகிய இருவர்க்கும் நடுவே என்றுதானே கொள்கிறோம்? ஊர்தலும் இடையும் அங்கே ஒரே அடியில் அருகருகே நின்றும் நம் காது தடுமாறவில்லை. ‘பதியிணை’ அழகிய ஆக்கம். எனினும் முதலாண்டு மாணவர் ‘பதி’ என்றவுடன் கணவனையோ இறைவனையோ நினைப்பார். இலத்தீன் வேர் நகரத்தைக் குறித்தாலும், இத்தடங்கள் சிற்றூர்களிலும் பண்ணை வாசல்களிலும் நின்று பாலையும் மக்களையும் ஏற்றிச் சென்றவை. 1916 அளவில் அமெரிக்காவில் 15,000 மைலுக்கு மேல் பரவி, ஒகையோவிலும் இந்தியானாவிலும் மிக அடர்ந்திருந்தவை. அந்த வாழ்க்கையை ‘ஊர்’ என்ற சொல்தான் தாங்கும். அதை நான் விடுவதாக இல்லை.

டிராமைப் பொறுத்தவரை, 1953 வரை சென்னைத் தெருக்களில் ஓடி மக்கள் நாவில் பதிந்த சொல் அது. ‘அமிழ் தண்டூர்தி’ என்ற ஆக்கத்தையும் பார்த்தேன். தண்டவாளம் தரையில் அமிழ்ந்திருப்பதால் அப்பெயர் வைத்தார்கள் போலும். ஆனால் நம் வண்டி பாதி வழி வயல்வெளியில், அமிழாத தண்டவாளத்தின்மேல் ஓடியது.

– மொழிபெயர்ப்பாளர்

*

அம்மா,

குறள் சான்றை ஏற்கிறேன். ஆயினும் அங்கே இடையின் முன் இரு பெயர்கள் நிற்கின்றன. ‘ஊரிடை’யில் ஒன்றே நிற்கிறது. குறைந்தது ‘ஊர்களிடை’ என்றாவது பன்மை தாருங்கள். டகரத்துக்கும் தொல்காப்பியம் வழி காட்டியிருக்கிறது: வடசொல்லை வடவெழுத்து ஒரீஇ (நீக்கி) வழங்கு என்ற விதியை ஆங்கிலத்துக்கும் நீட்டித் ‘திராம்’ என்று எழுதலாம்.

– கோவை

*

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளிக்கிழமை. திருச்சி ஐயாவும் மேலும் மூவரும் தனிமடலில் ஒப்பியதால் ‘ஊர்களிடை மின் டிராம்’ என்று நூலில் செல்கிறது, கழிக்கு ‘உருளித்தண்டு’. பன்மை கோவை ஐயாவின் கொடை. ‘திராம்’ என்று எழுத என் கை வரவில்லை.

– மொழிபெயர்ப்பாளர்

*

என் மறுப்பு ‘டிராம்’ அளவில் நிற்கிறது என்பதைப் பதிந்துகொள்ளுங்கள். ‘பதியிணை மின்தடம்’ சொல்லடைவிலாவது மாற்றுச்சொல்லாக இடம்பெற வேண்டும்.

– கோவை