நியர் மிஸ்: ‘நூலிழை’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

வேலையிடத்தில் விபத்தாகியிருக்க வேண்டிய ஒன்று யாருக்கும் அடிபடாமல் போய்விட்டால் அதை ஆங்கிலத்தில் ‘நியர் மிஸ்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: அண்மைத் தவறல், தவறிய விபத்து, தப்பிய விபத்து. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் இரண்டாங்கட்டைப் பிரித்துக் கட்டும் வேலையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றையும் அங்கே சொல்லிப் பார்த்தேன். மூன்றும் நிற்கவில்லை.

‘அண்மைத் தவறல்’ யாருக்கும் புரியவில்லை. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றியது அது, அவ்வளவே. ‘தவறிய’ என்று தொடங்கியதுமே கொத்தனார், “அந்தப் பேச்சு வேணாம் சார்” என்றார். எங்கள் பக்கம் ஒருவர் தவறிவிட்டார் என்றால் இறந்துவிட்டார் என்று பொருள். சாரத்தில் ஏறி நிற்பவரிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? மூன்றாவதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. மேஸ்திரியிடம், “தப்பிய விபத்து ஏதும் உண்டாண்ணே?” என்று கேட்டேன். “யாரு மேலயும் தப்பு இல்ல சார்” என்று உடனே பதில் வந்தது. அவர் காதில் விழுந்தது ‘தப்பு’ மட்டும்தான்.

ஒப்பந்தக்காரர் கொடுத்த படிவத்தில் ‘நியர் மிஸ்’ என்று ஒரு கட்டம் உண்டு. நான்கு மாதமாக அது காலி. ஆனால் அதே நான்கு மாதத்தில் ஒரு தேக்கு உத்திரத்தைக் கயிறு கட்டி இறக்கும்போது அதன் ஒரு முனை சட்டென்று விட்டுப் போய்த் தரையில் இறங்கியது. பாண்டுச் சட்டியோடு அந்த இடத்தில் நின்ற சித்தாள் அப்போதுதான் நகர்ந்திருந்தார். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்று சொல்லிச் சூடம் கொளுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். படிவத்துக்குள் எதுவும் வரவில்லை.

வந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் முக்கியம். சுவருக்குள் புதைந்திருந்த உத்திர முனை மழைநீர் இறங்கி உளுத்திருந்தது. வெளியே பார்த்தால் மரம் கல் மாதிரி இருக்கும். அதே சுவரில் இன்னும் பதினோரு உத்திரங்கள். இடர் மதிப்பீட்டில் நேரும் வாய்ப்பையும் நேர்ந்தால் வரும் கேட்டின் கடுமையையும் சேர்த்துத்தானே எடை போடுகிறோம்? கடுமை முன்பே தெரியும். வாய்ப்பைக் குறைவாகப் போட்டிருந்தோம். அதைத் திருத்தச் சொன்னது இந்த ஒரு நிகழ்வுதான். விஷயம் எனக்குத் தெரிந்த பிறகு, எல்லா உத்திரத்துக்கும் கீழே முட்டுக் கொடுத்து, சுண்ணாம்பைக் கொத்தி முனையைப் பார்த்த பின்னரே கயிறு கட்டினோம்.

1931-இல் தொழிலிடப் பாதுகாப்பு பற்றி எழுதிய அமெரிக்கர் ஹைன்ரிக், ஒரு பெருங்காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும் காயமே இல்லாத 300 நிகழ்வுகளும் இருக்கின்றன என்று எழுதினார். அந்த விகிதம் எல்லா வேலைக்கும் பொருந்தாது என்ற மறுப்பு வலுவானது. நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் காயமில்லாதவை வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. தொழிலிடப் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 45001-லும் இதற்கு ஒரே பெயர் இல்லை; நியர் மிஸ், நியர் ஹிட், க்ளோஸ் கால் என்று மூன்றைச் சொல்கிறது. ஆகவே ஆங்கிலத்தைப் பார்த்துச் சொல் செய்ய வேண்டிய கட்டாயமும் நமக்கு இல்லை.

என் பரிந்துரை ‘நூலிழை’. நிகழ்வுக்கு நூலிழை, எழுதும் ஏட்டுக்கு நூலிழைப் பதிவேடு. ‘மயிரிழை’ செய்தித்தாளில் சரி. ஆணும் பெண்ணுமாக நிற்கும் காலைக் கூட்டத்தில் அதைச் சொல்லக் கூசுகிறார்கள். நூலோ கட்டட வேலையின் சொந்தச் சொல். கொத்தனார் நூல் பிடித்துத்தான் வரி வைக்கிறார். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ‘மூணு நூல் கம்பி’ என்று கேட்டுத்தான் கடையில் வாங்குகிறோம். அந்தச் சொல்லில் குற்றச்சாட்டும் இல்லை, சாவும் இல்லை.

ஒரு மறுப்பு வரும் என்று நினைக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில், ஆளே இல்லாத இடத்தில் பலகை விழுந்தால் அது நூலிழையா? ஆம் என்பேன். அங்கே இடைவெளி அடிக்கணக்கில் இருக்கலாம். நேரத்தில் அது நூலளவுதான். கணினித் தமிழில் ‘இழை’ வேறு பொருளில் வழங்குவது இங்கே குழப்பாது.

போன வாரம் மேஸ்திரியிடம், “நூலிழையில போனது ஏதாச்சும் இருக்காண்ணே?” என்று மாற்றிக் கேட்டேன். நின்ற இடத்திலேயே நான்கு சொன்னார். அதில் இரண்டு எனக்குத் தெரியவே தெரியாதவை.

பதிவேட்டில் இப்போது ஏழு வரிகள். ஏழாவது ஒரு சித்தாள் சொன்னது: “சுண்ணாம்புத் தொட்டி ஓரம் வழுக்குது.” இது நூலிழை அல்ல, இன்னும் எதுவும் நிகழவில்லை. நிகழ்வுக்கு முந்தைய இந்த நிலைக்கு ‘இடர்’ என்றே எழுதினால் மதிப்பீட்டில் வரும் இடரோடு கலந்துவிடும். ‘ஊறு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு நல்ல சொல் உண்டென்றால் சொல்லுங்கள். அடுத்த பக்கத்தின் தலைப்பை இன்னும் எழுதவில்லை.