டர்ஹாமில் ஃப்ரீமேசன்கள் கூடிய இடங்கள்: யாராவது வழி காட்டுங்களேன்

நண்பர்களே, இங்கிலாந்தின் டர்ஹாம் கவுன்டியில் ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் லாட்ஜுகள் (தங்கும் விடுதி இல்லை, அதன் உள்ளூர்க் கிளைகள்) எங்கெங்கே கூடின என்று ஒரு கட்டுரைக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் படிப்பவர்கள், வேலை செய்பவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.

பழைய கவுன்டி எல்லைக்குள் இருந்த சண்டர்லாந்தின் ஃபீனிக்ஸ் ஹால் பற்றி ஓரளவு தெரியும். 1785இல் ஃப்ரீமேசன்கள் தங்களுக்கென்றே கட்டிய கூடம், இன்றும் அதே வேலைக்குத்தான் பயன்படுகிறது. தேவாலயமோ அரண்மனையோ இல்லை, துறைமுகத்தை ஒட்டிய தெருவில் ஒரு செங்கல் கட்டடம். ஆனாலும் பாரம்பரியக் கட்டடங்களுக்கான முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

சிக்கல் மற்ற லாட்ஜுகளில்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலானவை மதுக்கடை மாடிகளில் கூடின. 1717இல் லண்டனில் லாட்ஜுகளின் தலைமை அமைப்பான கிராண்ட் லாட்ஜ் உருவானதே ஒரு மதுக்கடையில்தானே! கடை கைமாறினால் லாட்ஜும் இடம் மாறிவிடும், லாட்ஜுக்குத் தரப்பட்ட வரிசை எண்ணும் அவ்வப்போது மாறும். பின்தொடர்வதற்குள் தலை சுற்றுகிறது.

1799 சட்டப்படி ஒவ்வொரு லாட்ஜும் உறுப்பினர் பெயர், தொழில், கூடும் இடம் எல்லாவற்றையும் ஆண்டுதோறும் கவுன்டி அதிகாரியிடம் தர வேண்டும். 1967 வரை இந்த விதி இருந்தது. டர்ஹாமுக்கான அந்தப் பட்டியல்களை யாராவது ஆவணக் காப்பகத்தில் பார்த்திருக்கிறீர்களா? வெளிநாட்டிலிருந்து நகல் கேட்டால் அனுப்புவார்களா, கட்டணம் எப்படி? அப்புறம், ஃபீனிக்ஸ் ஹாலுக்குள் போய் வந்தவர்கள் இருந்தால், உள்ளே படம் எடுக்க விடுகிறார்களா என்றும் சொல்லுங்கள். ரகசியச் சடங்கு, உலகச் சதி பற்றிய இணைப்புகள் மட்டும் வேண்டாம், அவை ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன.