வீடு முழுக்க கிரே: தரையை உடைக்காமல் இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறதா?

காவிரிக்கரை:

திருச்சியில் 2019-ல் வீடு கட்டிக் குடிவந்தோம். தரைத்தளம் மட்டும், 1,150 சதுர அடி. அப்போது எந்தக் கடைக்குப் போனாலும் கிரேதான் காட்டினார்கள், எங்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஹாலில் மூன்று பக்கம் வெளிர் கிரே, டிவி மாட்டிய சுவர் கரி நிறம், தரைக்கு 2-க்கு 4 கிரே விட்ரிஃபைட் டைல்ஸ், சமையலறை அலமாரிக் கதவுகளுக்குப் பளபளவென்று கிரே மைக்கா, சோபா கிரே, திரைச்சீலை கிரே, வெளிச்சுவர்கூட அடர் கிரேயில் வெள்ளைப் பட்டை. 3டி படத்தில் பார்த்தபோது பெரிய ஹோட்டல் மாதிரி இருந்தது.

மறு வருஷமே ஊரடங்கு. மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று தோன்ற ஆரம்பித்தது, கொரோனா காலத்துச் சோர்வு என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை அது போகவில்லை. போன நவராத்திரிக்குக் கொலு வைத்தபோது அம்மாவின் மாம்பழ நிறப் பட்டுப்புடவை ஒன்றை அந்தக் கரிச் சுவரை மறைத்துப் பின்திரையாகக் கட்டினேன். ஒன்பது நாளும் வேலை முடிந்து வந்ததும் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன், எழுந்து போகவே மனசு வரவில்லை. கொலுவை எடுத்த அன்று சாயங்காலம் புடவையை மடித்துவிட்டுச் சுவரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, எனக்கு வீடு பிடிக்காமல் போகவில்லை, இந்த நிறம்தான் தாங்க முடியவில்லை என்று.

வீட்டுக்காரர் சொல்வது: கலர் அடித்தால் பழைய வீடு மாதிரி ஆகிவிடும், நாளைக்கு விற்கும்போது விலை போகாது. ஆனால் விற்கும் எண்ணம் எங்களுக்குக் கிடையாது. மாமியார் ஊரிலிருந்து வந்தால் ஹாலில் உட்காருவதில்லை, பின்பக்கம் துவைக்கிற கல் ஓரமாக நாற்காலி போட்டுக்கொள்கிறார். கேட்டால் "உள்ள மூட்டமா இருக்கும்மா" என்கிறார்.

எண்பதாயிரம் வரை செலவு செய்யலாம். டைல்ஸை உடைக்க முடியாது, குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தத் தூசியைத் தாங்க மாட்டோம். எங்கே ஆரம்பிப்பது?

கோவை பெயின்ட்டர்:

சகோதரி, பெயின்ட் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் பல்பைப் பாருங்கள். பெட்டியில் 6500கே என்று போட்டிருக்கும், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண் அது. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் அதைத்தான் மாட்டுகிறார்கள், வெளிச்சம் ஜாஸ்தி என்று. அந்த வெளிச்சத்தில் நீலம் கலந்திருக்கும், கிரே சுவரில் விழுந்தால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மஞ்சள் கலந்த 3000கே போடுங்கள், சமையலறைக்கு 4000கே. ஆயிரம் இரண்டாயிரத்தில் முடிகிற வேலை. ஒரு வாரம் அப்படியே இருந்து பாருங்கள், உங்கள் வீட்டுப் பிரச்சினையில் கால்வாசி அதிலேயே போய்விடும்.

அப்புறம் தரை. வெள்ளைத்தாள் ஒன்றை டைல்ஸ் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டைல்ஸ் நீலமாகத் தெரிகிறதா, பச்சையாகத் தெரிகிறதா, இல்லை கொஞ்சம் பழுப்பா? கிரே என்று ஒரே நிறம் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு நிறம் ஓடும். பழுப்பு ஓடினால் உங்களுக்கு அதிர்ஷ்டம், சந்தனம், செங்கல், மஞ்சள் கலந்த வெள்ளை எல்லாம் சேரும். நீலம் ஓடினால் எலுமிச்சை மஞ்சள் பக்கம் போகாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதற்கு மண்சட்டி நிறம், இல்லை கறிவேப்பிலை காய்ந்தால் வருகிற அந்தப் பச்சை, நன்றாக நிற்கும். கடைச் சீட்டில் இருக்கிற விரல் அகலக் கட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், சின்ன டப்பா வாங்கி இரண்டடிக்கு இரண்டடி சுவரில் அடித்துக் காலையிலும் ராத்திரியிலும் பாருங்கள்.

செலவு கேட்டீர்கள். 15-க்கு 12 ஹால், 10 அடி உயரம் என்றால் கதவு ஜன்னல் போக 450 சதுர அடி வரும். நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 100 முதல் 120 சதுர அடி போகும், ஆக நாலு, நாலரை லிட்டர் போதும். பழைய பெயின்ட் உரியாமல் இருந்தால் மறுபடி பட்டி பார்க்கத் தேவையில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி துடைத்துவிட்டு அடிக்கலாம். கரிச் சுவருக்கு மட்டும் ஒரு கோட் பிரைமர் கட்டாயம், இல்லாவிட்டால் மூன்று கோட் அடித்தாலும் அடியில் இருக்கிற கறுப்பு தெரியும்.

முற்றத்து வீடு:

நான் காரைக்குடிப் பக்கம். உங்கள் மாமியார் சொன்ன "மூட்டம்" என்ற வார்த்தையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா வீட்டில் சிவப்புத் தரை. சிமென்ட்டும் காவிப்பொடியும் கலந்து பூசி, ஈரம் இழுப்பதற்குள் கொத்தனார் கரணையாலேயே இழைத்து இழைத்து வழவழப்பாக்கி, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைத்துச் செய்த தரை. பாட்டி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார், முகம் தெரியும். கோடையில் வெறும் உடம்போடு படுத்தால் முதுகு குளிரும். சுவருக்குப் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு, அதில் துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம், ஓரத்தில் காவிப்பட்டை. மூன்றே நிறம், எல்லாம் கைக்கு எட்டுகிற பொருள். அந்த வீட்டில் யாருக்கும் அலுப்பு வந்து நான் பார்த்ததில்லை.

2014-ல் தரையில் நாலைந்து இடத்தில் வெடிப்பு விட்டிருந்தது. ரிப்பேர் செய்யத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று அதன் மேலேயே கிரே டைல்ஸ் ஒட்டினேன். என் கையால் செய்த காரியம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றிலிருந்து முற்றத்துத் தாழ்வாரத்தில்தான் படுத்தார், அங்கே மட்டும் பழைய தரை மிச்சம் இருந்தது. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் டைல்ஸ் துடைக்கும்போதெல்லாம் இதற்குக் கீழே அந்தச் சிவப்பு இருக்கிறது என்ற நினைப்பு வரும்.

உங்களுக்குச் சொல்வது: ஹால் தரையை விட்டுவிடுங்கள். வாசல் திண்ணையோ சிட்அவுட்டோ இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் போடுங்கள். ஐம்பது அறுபது சதுர அடி உங்கள் பட்ஜெட்டில் அடங்கும். கண்ணாடித் தகட்டில் அச்சை வைத்து, நிறச் சாந்தைக் கட்டம் கட்டமாகக் கையால் ஊற்றி, பின்னால் சிமென்ட்டும் எங்கள் ஊர் மணலும் சேர்த்து அழுத்தி, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். சூளையில் சுடுவது இல்லை. மேல்பக்க வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும். ஆனால் ஆசிட் ஊற்றிக் கழுவக்கூடாது, அன்றோடு போய்விடும். கல் முக்கால் அங்குலக் கனம் இருக்கும், வாசல் கதவு அடியில் இடிக்குமா என்று முன்கூட்டியே அளந்து பாருங்கள்.

செங்கல்சூளை:

நான் புதுச்சேரியில் கட்டட வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து கிரேயைத் திட்டுவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

இங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது, ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கி வேலையைக் கவனித்தார். 1930-களில் ஆரம்பித்து 40-களில் முடித்தார்கள். இந்தியாவில் பூச்சு இல்லாமல் விட்ட கான்கிரீட் கட்டடங்களில் மிக முந்தையது அதுதான் என்பார்கள். வெளியே சாம்பல் நிறம். உள்ளே கடப்பா கல் தரை, அதுவும் கறுப்பு. ஆனால் ஒரு துளி மூட்டம் கிடையாது. ஏனென்றால் வடக்கிலும் தெற்கிலும் சுவரே இல்லை, திறந்து மூடுகிற பலகை வரிசைகள்தான், அதன் வழியாகத் தோட்டத்துப் பச்சையும் காற்றும் நாள் முழுக்க உள்ளே வரும். அறைக்குத் தேக்குக் கதவு. கான்கிரீட் மேல் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும், காலையில் பார்த்த சாம்பல் மத்தியானம் இருக்காது.

நமக்கும் சாம்பல் புதிது இல்லையே. அம்மி, ஆட்டுக்கல், கருங்கல் படி, சமையலறையில் கடப்பா கல் அலமாரி, எல்லாம் சாம்பலும் கறுப்பும்தான். கல்லில் பொட்டுப் பொட்டாக ஆயிரம் நிறம் இருக்கும், கை பட்ட இடம் தேய்ந்து மினுங்கும். அச்சடித்த டைல்ஸும் மைக்காவும் அப்படி எதையும் காட்டுவதில்லை, முதல் நாள் எப்படியோ பத்தாம் வருஷமும் அப்படியே. அதில் தரை, சுவர், சோபா, திரை நாலும் ஒரே மாதிரி என்றால் கண்ணுக்கு நிற்க இடமில்லை. அதனால் காவிரிக்கரை, தரை கிரேயாகவே இருக்கட்டும், அதன் பக்கத்தில் மரத்தைக் கொண்டுவாருங்கள். பரணில் பழைய தேக்கு ஸ்டூல், ஊஞ்சல் பலகை, மணை ஏதாவது கிடக்கும், எடுத்துத் துடைத்து ஹாலில் போடுங்கள். ஜன்னலில் கனமான திரை இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

வல்வைப் பிள்ளை:

லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். இங்கே எந்த வீடு பார்க்கப் போனாலும் கிரேதான், சுவர், கம்பளம், குசினி எல்லாம். விற்கவும் வாடகைக்கு விடவும் சுலபம் என்று அப்படி அடித்து விடுகிறார்கள், யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்பதுதான் கணக்கு. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், வெளியே வானமும் அதே நிறம். வருஷா வருஷம் 'இந்த ஆண்டின் நிறம்' என்று அறிவிக்கிற பான்டோன் நிறுவனம் 2021-க்குத் தேர்ந்தெடுத்த நிறமே ஒரு கிரேதான், ஆனால் அவர்களும் அதைத் தனியே விடவில்லை, பக்கத்தில் ஒரு மஞ்சளை வைத்தார்கள். இங்கே உள்ள சயின்ஸ் மியூசியம் தன் சேகரிப்பில் உள்ள 7,000-க்கும் மேற்பட்ட பொருட்களின் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்து 2020-ல் வெளியிட்டது, காலம் போகப் போகப் பொருட்களில் சாம்பல் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. மரமும் தோலும் இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கும் உலோகமும் வந்தது ஒரு காரணம். முன்னால் எழுதியவர் மரத்தைக் கொண்டுவரச் சொன்னது சரிதான் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

எனக்குச் சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை. அதனால் துணியும் ஓலையும்தான் என் வழி. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா கொடுத்துவிட்ட பனையோலைப் பெட்டிகள், சிவப்பும் பச்சையும் ஊதாவும் சாயம் போட்டுப் பின்னியவை, அடுக்கில் மூடி வைத்திருந்தேன். எடுத்து வெளியே வைத்து, கதிரைக்குப் பழைய சேலையில் உறை தைத்துப் போட்டேன். அந்த மூலைக்குப் போய்த்தான் இப்போது தேநீர் குடிக்கிறேன். அக்கா, உங்களுக்குப் பவானி பக்கம்தானே? ஜமக்காளம் வாங்கி அந்தத் தரையில் விரியுங்கள். நல்ல சிவப்பு, நீலக் கோடு போட்டது. கிரே தரைக்கு அதைவிடச் சேர்த்தி கிடையாது.

மாடிவீடு மதுரை:

உள்ளே பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வெளிச்சுவர் அடர் கிரே என்றீர்களே, அது மேற்குப் பார்த்த சுவராக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அடர் நிறம் வெயிலை அப்படியே இழுத்து வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் உள்ளே விடும். எங்கள் வீட்டில் படுக்கையறைச் சுவரைத் தொட்டால் பத்து மணிக்கும் சூடு இருந்தது, போன பங்குனியில் வெளிர் சந்தனம் அடித்த பிறகு நன்றாகவே குறைந்திருக்கிறது. குளியலறையிலும் அடர் கிரே டைல்ஸ் என்றால் போர் தண்ணீர் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து தெரியும், தினமும் துடைத்தே ஆக வேண்டும். அதற்கு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பல்பை மாற்றிவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லாமல்தான் மாற்றினேன், சாப்பிடும்போது அவரே "இன்னைக்கு என்ன பண்ணின, நல்லா இருக்கே" என்று கேட்டார். வெள்ளைத்தாள் வைத்துப் பார்த்ததில் டைல்ஸில் நீலம்தான் ஓடுகிறது. அதனால் கரிச் சுவரில் மண்சட்டி நிறமும் காய்ந்த பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து வைத்திருக்கிறோம். எனக்கு மண்சட்டி, அவருக்குப் பச்சை, இன்னும் முடிவாகவில்லை. ஜமக்காளம் வந்துவிட்டது, சிவப்பில் பச்சையும் நீலமும் கோடு. மாமியார் வந்தபோது அதில்தான் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார். வெளிச்சுவர் மேற்குதான், தை பிறந்ததும் அதை ஆரம்பிக்கிறோம். முற்றத்து வீடு ஐயா, நீங்கள் எழுதியதை அவருக்கும் படித்துக் காட்டினேன், சிட்அவுட்டை அளந்தாயிற்று, 48 சதுர அடி.

மிச்சம் இருப்பது சமையலறைக் கதவுகள். அந்த மைக்கா மேல் பெயின்ட் அடித்தால் நிற்குமா?

கோவை பெயின்ட்டர்:

பளபளப்பு மைக்கா மேல் நேராக அடித்தால் நிற்காது, நகத்தால் கீறினால் உரியும். நன்றாகத் தேய்த்து, வழுக்குகிற பரப்புக்கென்று வருகிற பிரைமர் போட்டு அடித்தால் நிற்கும், ஆனால் அடுப்புக்குப் பக்கத்துக் கதவுகளில் எண்ணெயும் ஆவியும் பட்டுப் பட்டு மறுபடி கிளம்பும். தச்சரைக் கூப்பிட்டுப் பழைய மைக்காவை உரசிவிட்டு மேலேயே புதிது ஒட்டச் சொல்லுங்கள். எல்லாக் கதவுக்கும் வேண்டாம், மேல்வரிசை மட்டும் போதும், கண் அங்கேதான் போகும். மர நிறத்தில் பளபளப்பு இல்லாததாக வாங்குங்கள். சுவருக்குப் பச்சையும் சிட்அவுட்டில் சிவப்பும் வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஆயிற்று.